மலரில் இடம்பெறாத பன்னிரண்டு வரிகள்

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு மலருக்கு 'எங்கள் ஊர் வரலாறு' என்றொரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் வரலாற்று ஆசிரியை. பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, பரங்கிப்பேட்டையில் படித்தவள். அதனால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் ஆசையாகத்தான் ஏற்றுக்கொண்டேன். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஹைதர் அலி, இரும்பு ஆலை என்று நான்கு பக்கம் எழுதி, கடைசியில் எங்கள் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களைப் பற்றிப் பன்னிரண்டு வரி சேர்த்திருந்தேன்.

மலர் அச்சாகி வந்தது. நான்கு பக்கமும் இருந்தன. அந்தப் பன்னிரண்டு வரியைக் காணோம்.

மலர்க் குழுவில் இருந்த மூத்த ஆசிரியரிடம் கேட்டேன். "அது வரலாறு இல்லையே டீச்சர். தெனமும் நடக்கறதுதானே" என்றார். அவர் நல்ல மனிதர். பக்கம் போதவில்லை, எதையாவது எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தால் யாருக்கும் வலிக்காது என்று தோன்றியதை எடுத்திருக்கிறார். எனக்கு வலித்தது. அந்தப் பன்னிரண்டு வரியில் என் ஆயா இருந்தாள், என் சித்தி இருந்தாள்.

அன்று பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த நான்கு பக்கத்தையே மறுபடி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஊர். கடலூருக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சேலத்துப் பக்க மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, கிழக்கே ஓடிவந்து வங்கக் கடலில் கலக்கும் இடம். ஆற்றின் வடகரையில் ஊர். தென்பக்கம் கிள்ளை, பிச்சாவரம், அலையாத்திக் காடு. அதற்கும் தெற்கே கொள்ளிடம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே உப்பங்கழியும் ஓடைகளும் பின்னிக் கிடக்கின்றன. அந்தக் காட்டின் ஓரத்து மரங்களில் ஒன்று தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. நடனப் போட்டியில் சிவனிடம் தோற்றதாகச் சொல்லி காளியை ஊர் எல்லைக்கு அனுப்பிவைத்த கதையும் அதே தில்லையின் கதைதான். எல்லையில் நிற்கும் பெண்ணைப் பற்றி எங்கள் பக்கத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முகத்துவாரம் கப்பல்காரர்களுக்குப் பிடித்த இடம். ஆற்றுக்குள் படகு நுழையலாம், புயலுக்கு ஒதுங்கலாம், உள்நாட்டுச் சரக்கை இறக்கிக் கொண்டுவரலாம். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தக் கரை செஞ்சி நாயக்கர்களின் ஆட்சிக்குள் இருந்தபோது, போர்த்துக்கீசியர் இங்கே குடியேறினார்கள். 'போர்ட்டோ நோவோ' என்று பெயர் வைத்தார்கள். புதிய துறைமுகம் என்று பொருள். பின்னால் முஸ்லிம் ஆட்சியாளர்கள் காலத்தில் 'மஹ்மூது பந்தர்' என்றும் வழங்கியது. பந்தர் என்றாலும் துறைமுகம்தான். உள்ளூர்க்காரர்கள் பரங்கிகள் இருக்கும் பேட்டை என்று பார்த்து, 'பரங்கிப்பேட்டை' என்றார்கள். மூன்று பெயர்கள். மூன்றுமே கடல் வழியாக வந்தவர்களை வைத்து உண்டானவை. வந்தவர்கள் ஆண்கள்.

மலரில் இதை எழுதியபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. பிறகுதான் யோசித்தேன். போர்த்துக்கீசிய ஆண்கள் இந்தக் கரையின் ஊர்களில் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கினார்கள். அப்படி மணம் செய்து குடியேறிய ஆண்களுக்கு 'கசாடோ' என்று அவர்களுடைய ஆவணங்களில் தனிப் பெயரே உண்டு. மணந்துகொள்ளப்பட்ட பெண்களுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஆனால் அந்த வீடுகளில் நடந்த பேச்சு நம்மிடம் இருக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியச் சொற்கள். கோட்டையும் கிடங்கும் கட்டியவர்கள் போய்விட்டார்கள். வீட்டுக்குள் புழங்கிய சொல் நானூறு வருடமாகத் தங்கியிருக்கிறது. பெயரிலேயே பரங்கியைச் சுமக்கும் பரங்கிக்காய் இன்றைக்கும் பொங்கலன்று எங்கள் அடுப்பில் வேகிறது. சொற்களைத் துறைமுகத்தில் இறக்கியவர்கள் ஆண்களாக இருக்கலாம். வீட்டுக்குள் அவற்றை நாள்தோறும் புழங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் யார்?

அடுத்து நான் எழுதியது துணி வணிகம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பரங்கிப்பேட்டை பெரிய ஏற்றுமதித் துறைமுகம். சோழமண்டலத் துணி இங்கிருந்து மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் கெடாவுக்கும் போனது. மரைக்காயர் கப்பல்கள், டச்சு, டேனிஷ், ஆங்கிலக் கம்பெனிகள் என்று எல்லோரும் இங்கே கடை விரித்தார்கள். போர்ட்டோ நோவோ பகோடா என்று ஒரு பொன் நாணயமே புழங்கியது. இந்த வணிகத்தைப் பற்றி எழுதும் நூல்கள் வணிகர்களைச் சொல்லும், தரகர்களைச் சொல்லும், நெசவாளர்களைக்கூடச் சொல்லும். தறியில் ஏறும் நூல் எங்கிருந்து வந்தது?

ஒரு தறி ஓடுவதற்குப் பல கைகள் நூற்க வேண்டும். தென்னிந்தியாவில் அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. வயல் வேலை இல்லாத நாட்களில், சமைத்த பிறகு, பிள்ளை தூங்கிய பிறகு நூற்றார்கள். கைம்பெண்களுக்கும் நிலமற்ற பெண்களுக்கும் கையில் காசு பார்க்க இருந்த சில வழிகளில் அது ஒன்று. நூலைச் சந்தையில் விற்றார்கள், அல்லது பஞ்சு கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். நெசவாளர் பெயர் கம்பெனிக் கணக்கில் ஏறியது, அவர் முன்பணம் வாங்குபவர் என்பதால். நூற்றவள் யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலை நூல் வந்து இறங்கியபோது முதலில் வேலை இழந்தது இவர்கள்தான். நெசவாளர்களின் துயரத்தைப் பாடப் புத்தகத்தில் நானே நடத்தியிருக்கிறேன். நூற்ற பெண்களுக்கு அதில் தனி வரி கிடையாது.

மூன்றாவது, போர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் பரங்கிப்பேட்டைக்கு அருகே மோதின. இரண்டாம் மைசூர்ப் போரின் முக்கியமான சண்டைகளில் ஒன்று. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், கோட்டையாக மாற்றப்பட்டிருந்த சிதம்பரம் கோயிலைப் பிடிக்க முயன்று கூட் தோற்றுத் திரும்பியிருந்தார். பரங்கிப்பேட்டையில் கம்பெனி ஜெயித்தது. தேதி, தளபதி, வெற்றி தோல்வி, மதிப்பெண் ஐந்து.

ஆனால் அந்தப் போர் 1780-இலேயே கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கிவிட்டது. ஹைதரின் குதிரைப்படை பயிரையும் கால்நடையையும் அழித்தது, கம்பெனிக்குச் சாப்பாடு கிடைக்கக் கூடாது என்பதற்காக. கம்பெனிப் படையும் போகிற வழியில் கிடைத்ததை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டுகளில் சென்னையிலேயே பஞ்சம். களத்தில் செத்தவர்களைத் தளபதிகள் எண்ணினார்கள். எரிந்த வயலின் ஓரத்தில் உலை வைத்தவர்களை யாரும் எண்ணவில்லை. போர் ஒரு நாள் நடந்தது. அதன் பசி பல வருடம் நீண்டது. அந்தப் பல வருடத்தைச் சமாளித்தவர்களுக்கு மதிப்பெண் இல்லை.

நான்காவது, ஊரே பெருமைப்படும் இரும்பு ஆலை. கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் இங்கே தொடங்கினார். ஐரோப்பிய முறையில் பெரிய உலை வைத்து இரும்பு எடுக்க இந்தியாவில் நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று. கனிமம் சேலத்துப் பக்கத்திலிருந்து காவிரி, கொள்ளிடம் வழியாகப் படகில் வந்தது. உலைக்கு மரக்கரி. தென்னாற்காடு, சேலம் காடுகளிலிருந்து மரம் வெட்டிக் கரி எடுக்க நிறுவனத்துக்குத் தனி உரிமை கொடுக்கப்பட்டது. ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி வேண்டும். காடு கரைந்தது, கரிக்குத் தட்டுப்பாடு வந்தது, கடன் ஏறியது, கைகள் மாறியது. 1860-களில் ஆலை ஓய்ந்துவிட்டது.

இந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. ஷெஃபீல்டில் எஃகு ஆனது. வேல்ஸில் மெனாய் நீரிணைக்கு மேலே கட்டிய இரண்டு பாலங்களிலும், அதாவது மெனாய் தொங்குபாலத்திலும் பிரிட்டானியா ரயில் பாலத்திலும், பரங்கிப்பேட்டை இரும்பு இருக்கிறது என்று அரசுக் கையேடுகள் முதல் இன்றைய கட்டுரைகள் வரை எழுதுகிறார்கள். நானும் எழுதினேன். மலரில் அந்த வரிக்குக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

பிறகு ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுகளை வரிசைப்படுத்தச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826-இல். எங்கள் ஆலை தொடங்கியது 1830-இல். பிறக்காத ஆலையின் இரும்பு எப்படிப் பாலத்துக்குள் போகும்? 1850-இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு பொருந்தும். ஆண்டுக் கணக்கு தெரிந்த எவரும் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடக்கூடிய பிழை. ஆனாலும் கையேட்டுக்குக் கையேடு, கட்டுரைக்குக் கட்டுரை போய்க்கொண்டேயிருக்கிறது. பெருமையான செய்தியை யாரும் ஆதாரம் கேட்பதில்லை. என் ஆயா மீன் விற்றாள் என்பதற்குத்தான் 'இது வரலாறா' என்று கேட்கிறார்கள்.

அந்தப் பிழையைத் தேடிப் போனதில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. பிரிட்டானியா பாலத்தின் அக்கரையில், ஆங்கில்சி தீவில், ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. லான்வைர்புல். உலகத்தின் மிக நீளமான ஊர்ப் பெயர்களில் ஒன்று என்று பொது அறிவுப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். ஆங்கில எழுத்தில் 58. 'வெள்ளை ஹேசல் மரங்களின் பள்ளத்தில் இருக்கும் மரியாள் கோயில்' என்று தொடங்கி, சுழல், இன்னொரு கோயில், சிவந்த குகை என்று நீளும். அந்த நீளம் பழமையானது அல்ல. ரயில் வந்த பிறகு, 1860-களில், பயணிகளை இழுப்பதற்காக ஒட்டவைத்தது. கடல் கடந்து வந்தவர்கள் எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். ரயிலில் வருகிறவர்களுக்காக அவர்கள் பெயரை நீட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கிராமத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெயருக்கும் பாலத்துக்கும் அடுத்தபடியாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1915 செப்டம்பரில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டனின் முதல் 'விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்' அங்கேதான் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடி, உணவு உற்பத்தியைப் பெருக்குவது, பதப்படுத்துவது, ஊர்க் காரியம் பேசுவது என்று நடத்திய சங்கம். 1897-இல் கனடாவில் தோன்றிய யோசனை. ஜாம் காய்ச்சும் பெண்கள் என்று பிற்காலத்தில் கேலியும் செய்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கூட்டம் போட்டார்கள், கூடியதை எழுதி வைத்தார்கள். அதனால் அந்தக் கிராமத்தின் வரலாற்றில் இருக்கிறார்கள். 'அது தினமும் நடக்கிறதுதானே' என்று அங்கே யாரும் அந்த வரியை வெட்டவில்லை.

எங்கள் ஊரிலும் பெண்கள் எழுதி வைத்தார்கள். என்னோடு படித்த தோழி ஒருத்தி பரங்கிப்பேட்டை முஸ்லிம் குடும்பம். அவள் பாட்டனார் பினாங்கில் கடை வைத்திருந்தார். வருடக்கணக்கில் ஊர்ப்பக்கம் வரமாட்டார். நிலம், வீடு, கல்யாணம், கடன் எல்லாம் பாட்டியின் கையில். பள்ளிக்கூடம் போகாத அந்தப் பாட்டி கணவருக்கு அரபுத்தமிழில் கடிதம் எழுதுவார். பேச்சு தமிழ், எழுத்து அரபி. நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே கற்ற எழுத்து அது. அந்தத் தாத்தா திரும்பி வரும்போது கடிதங்களையும் ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தாராம். பாட்டி இறந்த பிறகு அந்த வீட்டில் அவற்றைப் படிக்க ஒருவரும் இல்லை. தோழி என்னிடம் காட்டினாள். எனக்கும் படிக்கத் தெரியவில்லை. ஒரு துறைமுக ஊர் எப்படி நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எது? அது எங்கள் கண் முன்னால் இருக்கிறது, எங்களுக்கு எழுத்துத் தெரியவில்லை.

அப்படி எழுதக்கூட வழியில்லாதவர்கள் ஆற்றுக்குத் தென்பக்கம் இருக்கிறார்கள். பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர் பெண்கள் அலையாத்திக் காட்டின் ஓடைகளில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில்கூட, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். எந்த ஓடையில் எப்போது நீர் ஏறும், எங்கே சேறு ஆளை இழுக்கும், எந்த வேரடியில் இறால் ஒதுங்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் பல பத்தாண்டுகளாக இதே நீரை ஆராய்கிறது. நல்ல மையம், உலகம் அறிந்தது. மலரில் அதற்கு அரைப் பக்கம் கொடுத்தேன். இருளர் பெண்களை நானும் மறந்துவிட்டேன். வெட்டியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இனி அந்தப் பன்னிரண்டு வரிக்கு வருகிறேன்.

என் ஆயாவும் அம்மாவும் சித்தியும் மீன் விற்றவர்கள். விடியற்காலை படகு வரும். கரையில் ஏலம் எடுக்க வேண்டும். கையில் காசு இல்லாவிட்டால் தண்டல்காரரிடம் வாங்க வேண்டும். சும்மாடு சுற்றி, கூடையைத் தலையில் ஏற்றி, ஆயா புவனகிரி வரை போவாள். பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள். ஏறினாலும், "நாத்தம், எறங்கு" என்று பாதியில் இறக்கிவிட்ட நாட்கள் உண்டு. ஒரு முறை நானும் அவளோடு இறங்கியிருக்கிறேன். எனக்கு ஏழு வயது இருக்கும். நடந்துகொண்டே, "கால் இருக்குதில்ல, நட" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. விற்காத மீனை உப்பு போட்டுக் கருவாடு ஆக்குவதும் அவர்கள் வேலைதான். ஆண்கள் பிடித்துவந்த மீன் பணமாகி, அரிசியாகி, பள்ளிக்கூடப் புத்தகமாக மாறியது அந்தக் கூடைகளில்தான். நான் வரலாறு படித்த பணமும் அதில் வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் மீன் அதிகம் விற்கும். காலையில் பெண்கள் கரையில் படகுக்காகக் காத்திருந்தார்கள். ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பலருக்கு அலை வந்ததே தெரியவில்லை. அது கரைக்கு வந்துதான் எழுந்தது. சித்தி கரையில் இருந்தாள்.

ஆக்ஸ்ஃபாம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. தேவனாம்பட்டினத்தில் பெண்கள் 42, ஆண்கள் 21. பச்சாங்குப்பத்தில் இறந்தவர்கள் எல்லோருமே பெண்கள். பெண்களுக்கு நீந்தவும் மரம் ஏறவும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, சேலை காலைச் சுற்றியது, பிள்ளைகளைத் தேடித் திரும்பி ஓடினார்கள் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எல்லாம் உண்மை. முதல் காரணம் அவர்கள் அங்கே வேலையில் இருந்தார்கள் என்பது. அன்று கரைதான் அவர்களுடைய பணியிடம்.

அந்த ஆண்டே பிச்சாவரம் பக்கத்து ஊர்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். காடு காப்பாற்றியது என்று உலகமே பேசியது. அது நல்லதுதான். ஆனால் பெண்கள் ஏன் கூடுதலாகச் செத்தார்கள் என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை.

நிவாரணப் பட்டியல் எடுத்தார்கள். மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களுடையது. வரி கட்டும் ஆணை வைத்துத்தான் குடும்பக் கணக்கு. வரிக்காரர் இல்லாத வீடு, அதாவது கைம்பெண் வீடு, பல இடங்களில் பட்டியலின் ஓரத்தில் நின்றது. போன படகுக்கும் வலைக்கும் நிவாரணம் என்றார்கள். போன கூடைக்கும், கரைக்குக் கொண்டுபோன முதலுக்கும், திருப்பிக் கட்ட வேண்டிய தண்டலுக்கும் என்ன கணக்கு? புதிதாகக் கட்டிய வீடுகளுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை தர வேண்டும் என்று 2005-இல் தமிழக அரசு உத்தரவிட்டது. பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கை அது. எங்கள் குப்பத்தில் பல பெண்கள் தங்கள் பெயரை ஒரு சொத்துப் பத்திரத்தில் பார்த்தது அப்போதுதான்.

சித்தி இறந்ததற்கான தாள்களில் ஒன்றை நான்தான் சித்தப்பாவுக்காகப் படித்துக் காட்டினேன். பெயர், வயது, கணவர் பெயர். தொழில் என்ற இடத்தில் 'குடும்பத் தலைவி'. இருபது வருடம் ஏலம் எடுத்து மீன் விற்று, மீன் வாங்கக் காத்திருந்த இடத்திலேயே இறந்தவள். மலர்க் குழு அந்தப் பன்னிரண்டு வரியை எடுத்தபோது எனக்கு இந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. இரண்டுமே கெட்ட எண்ணத்தில் நடந்ததில்லை. ஒரு பெண்ணின் வேலையை வேலை என்று எழுதாமல் விட, கெட்ட எண்ணம் தேவையும் இல்லை.

'தினமும் நடக்கிறது வரலாறு இல்லை' என்பதற்கு என் பதில் இதுதான். போர்த்துக்கீசியர் வந்து போனார்கள். டச்சுக்காரர் வந்து போனார்கள். ஹைதரும் கூட்டும் ஒரு நாள் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். ஹீத்தின் உலை சுமார் முப்பது வருடம் எரிந்து அணைந்தது. பிரிட்டானியா பாலத்தின் பழைய இரும்புக் குழாய்கூட 1970-இல் தீப்பிடித்துப் போய், இன்று அதன் ஒரு துண்டுதான் பார்வைக்கு இருக்கிறது. தினமும் நடந்ததுதான் நிற்கவில்லை. தினமும் நடந்ததால்தான் ஒவ்வொருவரும் வந்து இறங்கியபோது இங்கே ஊர் என்று ஒன்று இருந்தது.

இப்போது என்னால் முடிந்ததைச் செய்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கும் வயதான பெண் ஒருவரிடம் அவர் செய்த வேலைகளைக் கேட்டு எழுதிவரச் சொல்கிறேன். 'வேலைக்குப் போகலை, வீட்டுலதான் இருந்தாங்க' என்றுதான் முதல் வரி வரும். திருப்பி அனுப்புவேன். இரண்டாவது முறை இரண்டு பக்கம் வரும்.

போன ஆண்டு அம்மாவின் சுயஉதவிக் குழுவின் பழைய தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படமெடுத்து வைத்தேன். நீலக் கோடு போட்ட நீள நோட்டு, ஓரம் உப்புக் காற்றில் சுருண்டிருக்கிறது. முதல் பக்கத்தில் பதினான்கு பெண்களின் பெயர்கள். யார் மனைவி, யார் மகள் என்று ஒன்றும் இல்லை, பெயர் மட்டும். ஆறு கையெழுத்து, எட்டு கைநாட்டு. அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் ஒரு தீர்மானம்: ஐஸ் பெட்டி வாங்க உறுப்பினர் மூவருக்குக் கடன் கொடுக்கலாம் என்று ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.

அடுத்த முறை யாராவது ஊர் வரலாறு கேட்டால், அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவேன்.